படி உள்ளேயா, வெளியேயா?

காவிரிப் பாசனத்து ஊர்களில் பழைய வீடு ஒன்றைத் திண்ணையில் தொடங்கிக் கொல்லை வரை நடந்து பார்த்தால், அந்தக் குடும்பம் எப்போதெல்லாம் பெருத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ரேழி, முற்றம், கூடம் வரைக்கும் ஒரே கைவேலை. அதற்கப்பால் தரை ஒரு விரற்கடை ஏறும், சுவரின் கனம் குறையும், நாட்டு ஓடு முடிந்து மங்களூர் ஓடு ஆரம்பிக்கும். "அது சின்னவனுக்குக் கல்யாணம் ஆனப்ப இழுத்துக் கட்டினது" என்பார்கள்.

இழுத்துக் கட்டுவதற்குக் காகிதத்தில் திட்டம் எதுவும் கிடையாது. அறுவடை முடிந்து கையில் காசு புரளும் தை, மாசியில் வீட்டுப் பெரியவரும் கொத்தனாரும் கொல்லையில் நின்று பேசுவார்கள். முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினால் வரைபடம் முடிந்தது. மனையடி சாஸ்திரப்படி ஒன்பதடி ஆகாது, பத்தடி ஆகும் என்பதில் மட்டும் தகராறு வராது. (இன்றைக்கு எஞ்சினியர் கணினியில் வரையும் படுக்கையறைகளும் பத்துக்குப் பத்து, பத்துக்குப் பதினொன்று என்றே வருகின்றன. சாஸ்திரத்தை நம்பாதவரும் அதற்குள்தான் தூங்குகிறார்.)

முதலில் கல்யாணம், பிறகுதான் அறை. ஒரே உள்ளறையை இரண்டு ஜோடிகள் முறை வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். கிழவர்களுக்குத் திண்ணை, குழந்தைகளுக்குக் கூடம் என்று படுக்கை விரிந்துவிடும் என்பதால் சேர்ப்பது ஒரே ஓர் அறையாகத்தான் இருக்கும். அடுப்பு பெருகாது, உலைப்பானைதான் பெரிதாகும். அந்த ஏற்பாட்டில் பாசம் இருந்தது என்று நாம் இன்று உருகுகிறோம். விடியலில் அந்தப் பானையைத் தூக்கி இறக்கிய மருமகள்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

வீடு பின்பக்கமே வளர்ந்ததற்குக் காரணம் கூரை. ஓட்டுக் கூரை மேல் ஒன்றும் ஏற்ற முடியாது. வசதியானவர்கள் போட்ட மெட்ராஸ் டெரஸ் தேக்குச் சட்டங்களின் மேல் நிற்பது. சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். வெயிலுக்குக் குளிர்ச்சியான தளம்தான். ஆனால் மேலே இன்னொரு மாடி வேண்டுமென்றால் கீழ்ச்சுவரை அப்போதே கனமாக எழுப்பியிருக்க வேண்டும். பெரும்பாலோர் எழுப்பவில்லை. கொல்லை இருந்தவரை அதற்குத் தேவையும் வரவில்லை.

சென்னைப் புறநகரில், நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு என்று மனை வாங்கியவர்களுக்குக் கொல்லை கிடையாது. 2400 சதுர அடியில் கிணறு, தென்னை, நான்கு பக்கமும் இடம் விட்டது போக வீடு ஒன்றுதான் மிஞ்சியது. பி.எஃப். கடன், சொசைட்டி கடன் என்று புரட்டிக் கீழ்த்தளத்தைக் கட்டினார்கள். மொட்டைமாடியில் தூண்களின் தலையிலிருந்து கம்பியை மூன்றடி, நான்கடி நீட்டி விட்டார்கள். "கம்பி விட்டிருக்கேன், பையன் தலையெடுத்தா மேல கட்டிப்பான்." எனக்குத் தெரிந்து நடுத்தர வர்க்கத்துத் தகப்பன்கள் எழுத்தில் வைக்காமல் விட்டுப்போன பெரிய உயில் அதுதான். அதுவரைக்கும் கம்பியில் துணிக்கொடி கட்டினார்கள், வடகம் காயப் போட்ட புடவையைக் காற்றில் பறக்காமல் முடிந்துவைத்தார்கள்.

பையன் தலையெடுத்துவிட்டான். இப்போது மாடியேறி வரும் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் முதலில் அந்தக் கம்பியைத்தான் பார்க்கிறார். சாவியால் சுரண்டுகிறார். துரு பொடியாக உதிர்ந்தால் தேய்த்துப் பூசிச் சமாளிக்கலாம். பத்தை பத்தையாகப் பெயர்ந்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி நடுவில் மெலிந்திருந்தால் உதட்டைப் பிதுக்குகிறார். நல்ல கான்கிரீட் வரும்வரை தூணின் தலையை உடைத்துப் பழைய கம்பியோடு புதுக்கம்பியைச் சேர்க்க வேண்டும், அல்லது துளை போட்டு கெமிக்கல் ஊற்றிக் கம்பி நட வேண்டும். கம்பி விட்ட அன்றே மட்டமான கான்கிரீட்டை மேலே போட்டு மூடியிருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. சில மேஸ்திரிகள் அதைச் செய்தார்கள். சிமென்ட் பாலைத் தடவிவிட்டுப் போனவர்களே அதிகம்.

கம்பி பிழைத்தாலும் தூண் கேள்வி இருக்கிறது. நிலநடுக்க வரைபடத்தை 2002-இல் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போனது. 2016-இல் திருத்திய தரவிதி தூணின் பக்கம் குறைந்தது 300 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓரடி, இருக்கச் சொல்கிறது. அப்பா எழுப்பியது ஒன்பதங்குலத் தூண், சுவரோடு சுவராக மறைந்துவிடும் அழகுக்காக. ஆகவே தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் பருமனாக்குவதா, மேல்தளச் சுவரை இலேசான கல்லில் எழுப்புவதா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. தூணே இல்லாத, சுவர் தாங்கும் வீடென்றால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தனிக்கதை.

அனுமதி முன்னைவிட எளிது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் தளப்பரப்பு, மனையின் அளவைப்போல இரண்டு மடங்கு வரை போகலாம். முன்பு அது ஒன்றரை. 2024 ஜூலையில், 2500 சதுர அடிக்குள்ளான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி என்றார்கள். வங்கி கேட்பது வேறு. கீழ்த்தளத்தின் பழைய அனுமதி வரைபடம் வேண்டும், மனை அப்பா பேரில் என்றால் அவரும் கடனில் கையெழுத்துப் போட வேண்டும். எழுபது வயதுக்காரர் மகனின் கடன் பத்திரத்தில் பக்கம் பக்கமாகக் கையெழுத்திடும்போது, கல்யாணமாகிப் போன மகள் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை கேட்பாள். "மேல அண்ணன் கட்டறது சரிப்பா, நாளைக்கு மனை யாருக்கு?" உயில் எழுதாமல் அப்பா போய்விட்டால் அவளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கடைக்காலுக்கு முன்னால் பேசவேண்டிய பேச்சு இது. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு பேசினால் வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

இத்தனையையும் தாண்டி, எஞ்சினியரின் மேஜையில் ஆளாளுக்கு மௌனமாவது ஒரே கேள்வியில்தான். படி உள்ளேயா, வெளியேயா?

படி ஹாலுக்குள் ஏறினால் ஒரே வீடு. வெளியே ஏறினால் மேலே தனி வாசல், தனி அடுப்பு, தனி மீட்டர். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் என்பதால், தனி மீட்டருக்காகத்தான் வெளிப்படி என்று மகனால் முகம் சிவக்காமல் சொல்ல முடிகிறது. நாளைக்கு வாடகைக்கு விடலாம் என்பது அடுத்த நியாயம். அதுவும் பொய்யில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைதான் என்கிறது மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு. அந்த ஒன்றும் படித்து முடித்துப் பெங்களூருக்கோ அதற்கப்பாலோ போய்விடும். இன்றைக்கு வீடு பெருகுவது தொட்டிலால் அல்ல. வேலைக்குப் போகும் தம்பதிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வரும் பெற்றோர், வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு ஒரு கதவடைத்த அறை, முழங்கால் தேய்ந்த பாட்டிக்குக் கீழேயே வெஸ்டர்ன் டாய்லெட். முன்பு கூடம் ஒன்றே சமாளித்ததை இப்போது மூன்று அறைகள் செய்கின்றன.

சாலை உயர்வு இன்னொரு குழப்பம். தார் மேல் தார் போட்டுத் தெரு ஏறிவிட்ட பகுதிகளில், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கீழ்த்தளத்தில் யார் இருப்பது என்பதே பேச்சாகிவிட்டது. படியேற முடியாதவர்கள் கீழே, தண்ணீர் வருவதும் கீழே. ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கியவர்களும் உண்டு.

வெளிப்படியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே அடுப்பில் வெந்த மனஸ்தாபங்களை விட, மேலிருந்து ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு இறங்கி வருவது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் கேள்வியை மின்கட்டணத்தின் பேரில் முடிவு செய்வது சரியில்லை. அத்தையும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து, எத்தனை வேளை சேர்ந்து சாப்பிடப் போகிறோம் என்று பேசிவிட்டு எஞ்சினியரிடம் போகலாம்.

எஞ்சினியர்கள் இதற்கும் ஒரு வழி கண்டுவிட்டார்கள். முன்மூலையில், போர்ட்டிகோவை ஒட்டிப் படிக்கட்டு. அதன் அடியில் இரண்டு கதவு. ஒன்று ஹாலுக்குள், ஒன்று வெளியே. ஹால் கதவைத் திறந்து வைத்தால் கூட்டுக்குடும்பம், சாத்தினால் தனிக்குடித்தனம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று ஆசாரி கேட்டார். மாமனார் ஹால் பக்கம் என்றார். மருமகள், "படிப் பக்கமும் ஒண்ணு இருக்கட்டும் மாமா, பாதுகாப்புக்கு" என்றாள். இரண்டு பக்கமும் போட்டார்கள்.