தேநீரில் கலந்த ஆல்பா

2006 நவம்பர் 1. ரஷ்ய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி அலெக்சாந்தர் லிட்வினென்கோ, லண்டன் மில்லேனியம் ஓட்டலில் கிரீன் டீயைச் சில மிடறு குடித்தார். அன்றிரவே வாந்தி. அடுத்த நாட்களில் முடி கொட்டியது. ரத்த வெள்ளை அணுக்கள் சரிந்தன. தாலியம் நஞ்சோ என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். கதிர்வீச்சுக்கும் சோதித்துப் பார்த்தார்கள். கருவி வாய் திறக்கவில்லை.

கருவியில் பழுதில்லை. அது தேடியது காமா கதிரை. அவர் உடலுக்குள் இருந்ததோ பொலோனியம்-210. லட்சம் அணுக்கள் சிதைந்தால் எல்லாமே ஆல்பாவை வெளிவிடும், கூடவே காமாவையும் வெளிவிடுவது ஒன்றுதான். ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வகம் சிறுநீரைச் சோதித்து விஷம் இன்னதென்று உறுதிசெய்தபோது, அவருக்குச் சில மணி நேரமே மிச்சமிருந்தது. நவம்பர் 23 இரவு இறந்தார்.

இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த கனத்த துகள் ஆல்பா. சம்பளப் பணம் முழுவதையும் தெருமுனைக் கடையிலேயே தீர்த்துவிடுகிற ஆளைப் போல, கிளம்பிய இடத்தருகிலேயே ஆற்றலைச் செலவழித்துவிடும். பொலோனியத்தின் ஆல்பா காற்றில் 4 செ.மீ.கூடத் தாண்டாது, அதற்குள் எதிர்ப்படும் அணுக்களிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கி, சுமார் ஒன்றரை லட்சம் அயனி இணைகளை உண்டாக்கிவிடும். தோலின் மேலுள்ள இறந்த செல் அடுக்கே அதை நிறுத்திவிடும். வயிற்றுக்குள் போய்விட்டால் அந்தத் தடுப்பு ஏது? மொத்த ஆற்றலும் உயிருள்ள சில செல்களின் தலையில் விழுகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கணக்கில், அதே அளவு ஆற்றலுக்கு பீட்டா, காமா கதிர்களின் பாதிப்பு 1 என்றால், ஆல்பாவின் பாதிப்பு 20.

இந்தக் கதிர்களை முதலில் பிரித்தறிந்ததே அவை எவ்வளவு ஊடுருவும் என்பதை வைத்துத்தான். 1899இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு யுரேனியத்தின்மேல் அலுமினியத் தகடுகளை அடுக்கி, அதன் கதிர்களில் சட்டென்று நின்றதை ஆல்பா என்றும் மேலும் ஊடுருவியதை பீட்டா என்றும் பிரித்தார். அடுத்த ஆண்டு பாரிஸில் வில்லார் என்ற விஞ்ஞானி, இவற்றைவிட ஊடுருவும் காமாவைக் கண்டார். தாள், அலுமினியம், ஈயம் என்று பாடப்புத்தகங்களில் வருகிற படம் இந்த வரிசைதான். படத்தில் தவறில்லை, ஆனால் கதிர் வெளியிலிருந்து வரும்போது மட்டுமே அது ஆபத்தின் வரிசையும் ஆகும்.

நடுவில் நிற்கும் பீட்டாவை மருத்துவம் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. தைராய்டு புற்றுநோய்க்குத் தரும் அயோடின்-131இன் பீட்டா, திசுவில் ஓரிரு மில்லிமீட்டருக்குள் செல்களை அழித்து நின்றுவிடும். கூடவே வரும் காமா உடலைத் தாண்டி வெளியே வருவதால்தான் நோயாளியைச் சில நாள் தனியறையில் வைக்கிறார்கள்.

காமா என்ன செய்யும் என்பதை 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி காயலான் கடைகள் கண்டன. டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. விவரம் தெரியாமல் பிரித்தார்கள். யாரும் எதையும் விழுங்கவில்லை. பக்கத்தில் புழங்கியதே போதுமாயிருந்தது. பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார்.

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம். தோரியத்தின் சிதைவு வரிசையில் மூன்று கதிர்களுமே வருகின்றன. மணலில் நடப்பவரை எட்டுவது பெரும்பாலும் காமா. ஆனால் மோனசைட்டைக் கையாளும் ஆலைக்குள் தூசியின்மேலும் ஒரு கண் வைத்தாக வேண்டும். மூச்சோடு போகும் தோரியத் துகள், ஆல்பாவை நுரையீரலுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.