தார் ரோட்டுச் சைக்கிளும் மலைச் சைக்கிளும்



சைக்கிள் மிதிப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் வருஷம் முழுக்கத் தார் ரோட்டிலேயே ஓட்டினால் போதுமா? போதாது. ரோட்டுப் பந்தய வீரர்களே இடையிடையே மலைச் சைக்கிள் ஏறிப் பயிற்சி செய்கிறார்கள். ஏன் தெரியுமா?

ரோட்டில் உள்ள குறை என்ன?

ரோட்டுச் சைக்கிளில் உடம்பு மணிக்கணக்கில் ஒரே மாதிரி குனிந்திருக்கிறது. கழுத்தும் இடுப்பும் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். உடம்பின் பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. எலும்புக்கு வேலை இருந்தால்தான் உறுதி வரும்.

மலைச் சைக்கிளில் நன்மை என்ன?

ரோட்டு டயரின் அகலம் 25 முதல் 28 மில்லிமீட்டர். மலைச் சைக்கிள் டயர் அதைப்போல் இரண்டு மடங்கு. காற்று 20 முதல் 30 பவுண்டு இருந்தால் போதும். டயர் மெத்தென்று கல்லையும் மண்ணையும் பற்றிக்கொள்ளும். கல், வேர், பள்ளம் வரும்போதெல்லாம் சீட்டை விட்டு எழுந்து, பெடல்மேல் நின்று ஓட்டவேண்டும். அதனால் கை, தோள், வயிறு, முதுகு எல்லாத் தசைகளும் உழைக்கும். சமநிலையும் கைவரும்.

பிரான்ஸ் நாட்டுப் பெண்மணி பவுலின் ஃபெரான்-பிரெவோ 2014-ல் ரோட்டுப் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் போட்டியில் தங்கம் பெற்றார். மறுபடி ரோட்டுக்குத் திரும்பி, 2025-ல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் பந்தயத்தையும் வென்றார். ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றதற்கும் உதவும்.

முதல் தடவை ஓட்டுபவர் கவனிக்க:

1. ஹெல்மெட், கையுறை இல்லாமல் ஏறாதீர்கள்.
2. இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்துங்கள். பின்பக்கம் சற்றுச் சாய்ந்து நில்லுங்கள்.
3. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதீர்கள், குப்புறத் தள்ளிவிடும்.
4. சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்துப் பாதையைப் பாருங்கள்.
5. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். மறுநாள் உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

"சைக்கிள் ஓட்டினா பிள்ளை பிறக்காதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். உடற்பயிற்சிக்காக அளவோடு ஓட்டுவதால் அப்படி ஆகாது. பயப்பட வேண்டாம். ஆனால் ஆண்களுக்கு அடிப்பகுதி மரத்துப்போனால் சீட்டு சரியில்லை என்று அர்த்தம். சீட்டின் உயரத்தையும் சாய்வையும் மாற்றுங்கள். அடிக்கடி எழுந்து நின்று மிதியுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள் மேடுபள்ளப் பாதையில் ஓட்டக்கூடாது. கீழே விழுந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. பிரசவமான தாய்மார்கள் டாக்டரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்ட பிறகே சைக்கிள் ஏறவேண்டும்.

கணவன் மட்டும் ஓட்ட, மனைவி வேடிக்கை பார்ப்பது நியாயமல்ல. எலும்பு உறுதி பெண்களுக்கு இன்னும் அவசியம். இருவரும் சேர்ந்து பழகுங்கள். உடல் உறுதியே குடும்பத்தின் உறுதி!