சேலை உடுத்திய தேவமாதா

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தாருக்கு உடையின் மகிமையைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நெற்றியில் சமயச் சின்னம் தரிக்கலாகாது, காதில் கடுக்கன் கூடாது, தோற்சின்னம் பதித்த புதிய தலைப்பாகையையே அணிதல் வேண்டும் என்று கம்பெனி அதிகாரிகள் சிப்பாய்களுக்கு உத்தரவிட்டனர். 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் மூண்ட புரட்சிக்கு அது ஒரு முக்கிய காரணமாயிற்று.

இதற்கு நேர்மாறான சரித்திரம் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. அங்கே பீடத்தின்மேல் நிற்பவள் ஐரோப்பிய அரசியல்லள். சேலை உடுத்து, கையில் குழந்தையை ஏந்தி, நம் வீட்டுத் தாயைப்போலவே காட்சியளிக்கிறாள். சந்நிதியில் மெழுகுவத்தி ஏற்றுவோரும், குழந்தையைக் கிடத்தி வேண்டுவோரும் 'அம்மா' என்றழைப்பதற்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கவில்லை.

இக்கோலத்துக்குக் காரணமானவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கிப் பாதிரியார் தமிழ்நாடு வந்து, காவியுடை தரித்து, தமிழைக் கற்றுக் கரைகண்டார். 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும், 1732-இல் முடிந்த சதுரகராதியும் அவர் தந்தவை. நம் பள்ளிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் பரமார்த்த குருவும் அவர் சிருஷ்டியே. தமிழ்ப் பெண்ணின் சாயலில் சுரூபம் வேண்டுமென்று மணிலாவுக்குச் சொல்லியனுப்பி இதைச் செய்வித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அவர் தம் மதத்தைப் பரப்பவே வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், பரப்ப வந்தவர் தம் நாட்டு உடையை நம்மீது சுமத்தாமல், தாம் வணங்கிய அன்னைக்கே நம் உடையை உடுத்தினார். கட்டளையிட்ட அதிகாரம் கோட்டையிலே இரத்தம் சிந்த வைத்தது. பணிந்து கற்ற அன்போ இன்றும் விளக்கேற்ற வைக்கிறது.

எங்கள் ஜில்லாவின் தோல் மண்டிகளில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே தொழிலில் உழைத்துப் பிழைக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் காட்டி, 'உன் தெய்வம் அந்நிய தெய்வம்' என்று சொல்லும் நாவு இன்றும் அடங்கியபாடில்லை. அப்படிப் பேசுவோர் ஒருமுறை கோணாங்குப்பம் சென்று வரட்டும். தேசியம் என்பது ஒருவன் எந்தக் கோயிலில் கைகூப்புகிறான் என்பதிலன்று. இம்மண்ணின் மொழியையும் மக்களையும் தன்னுடையவையாகக் கொள்கிறானா என்பதிலே இருக்கிறது.