பார்க்கலாமா, கூடாதா: முடிவு செய்வது யார்?

கூகுள் டிரைவில் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். நீங்கள் யார் என்பதைக் கடவுச்சொல் உறுதிசெய்துவிடும். இந்தக் கோப்பை நீங்கள் பார்க்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்வது எது?

டிரைவ், யூடியூப், காலண்டர் எனப் பல சேவைகளுக்கும் பொதுவாகக் கூகுள் உருவாக்கிய அமைப்பு சான்சிபார். "இவர் இந்தக் குழுவின் உறுப்பினர்", "இந்தக் குழு அந்தக் கோப்பின் வாசகர்" என்று அனுமதிகளைச் சிறு சிறு உறவுகளாகச் சேமித்து, சங்கிலியாகத் தொடர்ந்து சென்று விடை காண்கிறது. 2019-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, 95 சதவீதக் கேள்விகளுக்கு 10 மில்லி நொடிக்குள் விடை கிடைத்தது.

வேகத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, கோப்பில் ரகசியம் ஒன்றை எழுதுகிறீர்கள். தொலைவிலுள்ள சர்வர் தன்னிடமுள்ள பழைய அனுமதிப் பட்டியலைப் பார்த்தால், நீக்கப்பட்டவர் அதைப் படித்துவிடுவார். எனவே, உள்ளடக்கம் மாறும்போதே ஒரு நேரக்குறியும் பதிவாகிறது. அதைவிடப் பழைய பட்டியலை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

உங்கள் செயலியில் அனுமதிகளை முடிவுசெய்ய எது பொருந்தும்? பகிர்தலும் குழுக்களும் அதிகமென்றால், சான்சிபார் வழியில் வந்த ஸ்பைஸ்டிபி, ஓபன்எஃப்ஜிஏ. "அலுவலக நேரத்தில், கணக்குப் பிரிவினர் மட்டும்" போன்ற நிபந்தனைகள் அதிகமென்றால், விதிகளைத் தனி மொழியில் எழுத உதவும் ஓபன் பாலிசி ஏஜென்ட், சீடார். நிர்வாகி, ஆசிரியர், வாசகர் என்று மூன்றே பொறுப்புகளா? டேட்டாபேஸில் ஓர் அட்டவணையே போதும். எதைத் தேர்ந்தாலும், எந்த விதியும் பொருந்தாதபோது அனுமதி மறுக்கப்பட வேண்டும்.