மாமா உயிரோடு இருக்கிறார்!

"கார்டுல உங்க பேர் இல்லைம்மா. நீக்கியாச்சுன்னு வருது!"

ரேஷன் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டாளாம். "நான்தான் எதிர்ல நிக்கறேனே!" என்றிருக்கிறாள். "நீங்க நிக்கறீங்க... மிஷின் ஒத்துக்கலையே!" என்றாராம். அவர் மேல் தப்பில்லை, பாவம்.

இது நடந்தது 2023 ஆகஸ்டில். மாமா காலமாகி ஐந்து மாதம். கார்டில் இருந்தது இரண்டே பேர். மாமா குடும்பத் தலைவர், அத்தை உறுப்பினர். 'செத்தவங்க பேரை எடுத்துடணும்' என்று யாரோ சொல்ல, நேர்மையின் சிகரமான என் அத்தை மறுநாளே மாமாவின் இறப்புச் சான்றிதழோடு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். அங்கிருந்த பையன் படபடவென்று தட்டிவிட்டு, "முடிஞ்சுது பாட்டி" என்றான்.

முடிந்துதான் போயிருந்தது. நீக்கப்பட்டது மாமா இல்லை... அத்தை!

இறந்தவர் குடும்பத் தலைவராக இருந்தால், முதலில் வேறொருவரைத் தலைவராக மாற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் இறந்தவர் பெயரை நீக்க வேண்டும். பையன் முதல் படியைத் தாண்டிக் குதித்து, மிச்சமிருந்த பெயரைத் தட்டிவிட்டான். மேலே உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்தவரும் சான்றிதழில் இருப்பது யார் பெயர் என்று பார்க்கவில்லை. ஆக, அரசாங்கக் கணக்குப்படி மாமா தனிக்கட்டையாக சௌக்கியமாக இருந்தார். அவரே நேரில் வந்து விரல் ரேகை வைத்தால் 12 கிலோ அரிசி உண்டு!

அத்தை இதை எனக்குச் சொல்லவே இல்லை. அக்டோபரில் ஒரு நாள் போயிருந்தேன். எனக்கு இலை போட்டாள். "நீயும் உட்காரு அத்தே" என்றதற்கு, "புரட்டாசி சனிக்கிழமைடா, ஒரு பொழுது" என்றாள்.

"இன்னிக்கு புதன்கிழமை அத்தே!"

பதில் இல்லை. அடுக்களைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தேன். வண்டு வராமல் இருக்கப் போட்ட நாலு காய்ந்த மிளகாய் மட்டும் அடியில் கிடந்தன. எனக்குப் போட்ட சாதம் எதிர் வீட்டில் ஆழாக்கு கடன் வாங்கியது. "ஒரு வயிறுதானேடா... இதுக்காக உன்னை அலைய விடணுமா?" என்றாள். மாமா வைத்தியத்துக்கு நகைகள் போயாச்சு. விதவை பென்ஷன் மனு எந்த மேஜையிலோ. பூ கட்டி வரும் காசில் அரிசியும் வாங்கி, வாடகையும் கொடுக்க வேண்டும். 'ரேஷன் அரிசியா? மாவாட்டத்தான் லாயக்கு' என்று மூக்கைச் சுளிக்கும் நம்மவர்கள் (நானும்தான்!) அந்த டப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். 2011 ஜூன் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கிற அரிசி அது. அது நின்றால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே கிடையாது.

மறுநாள் தாலுகா ஆபீஸ். சீட்டில் இருந்தவர் ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். "புதுசா பேர் சேர்க்க மனு போடுங்க. குடும்பத் தலைவர் போனுக்கு ஓ.டி.பி. வரும்."

"அவர் காலமாயிட்டாரே சார்!"

"கார்டுல இருக்காரே!"

மாமாவின் போனை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால், ரீசார்ஜ் செய்யாததால் நம்பரே போய்விட்டிருந்தது. மேலோகத்திலிருந்து மாமா ஓ.டி.பி. சொன்னால்தான் உண்டு!

1967-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்தேன். எங்கள் தாலுகாவில் இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும் என்று தெரிந்தது. அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். 'உயிரோடு இருக்கிறேன்' என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி ஏது? ஆனால், காப்பாற்றியது அத்தை அல்ல, அவள் மஞ்சள் பைதான். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்த ரசீதை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தாள். விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்த வட்ட வழங்கல் அலுவலர் நிமிர்ந்தார். "உங்க பேர்ல இறப்புச் சான்றிதழே இல்லையேம்மா. எப்படி நீக்கினாங்க?"

அதைத்தான் நாங்களும் கேட்டோம்!

அங்கேயே தப்பைக் குறித்துக்கொண்டார். பழைய கார்டு, இருவர் ஆதார், சான்றிதழ் நகல், அத்தையின் புது போன் நம்பர், எல்லாம் வாங்கிக்கொண்டார். முகாமில் பக்கத்தில் நின்றவர் என் காதில் ஓதினார்: "திரும்ப வர்ற கார்டுல எழுத்தைப் பாருங்க சார்." நல்ல யோசனை. பி.எச்.எச். என்றாலும் வெறும் என்.பி.எச்.எச். என்றாலும் அரிசி உண்டு. பின்னால் 'எஸ்' ஒட்டிக்கொண்டால் அது சர்க்கரை கார்டு. 'என்.சி.' என்றால் எதுவுமே கிடையாது. அத்தையுடையது பி.எச்.எச். அதுவே வர வேண்டும் என்று மனுவில் எழுதிக் கொடுத்தேன்.

வீராவேசத்தில் இன்னொன்றும் கேட்டேன். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ம் பிரிவுப்படி, உரிய தானியத்தைக் கொடுக்காவிட்டால் அதற்குப் பணமாகப் படி கொடுக்க வேண்டும். "மூணு மாச பாக்கி என்ன சார் ஆச்சு?" அலுவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தனியா மனு கொடுங்க" என்றார். கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

நவம்பரில் குறுஞ்செய்தி வந்தது. பி.எச்.எச்.தான்! கடைக்குப் போனோம். பூ கட்டித் தேய்ந்த விரலை மிஷின் இரண்டு தடவை விரட்டியது. மூன்றாவது தடவை பச்சை விளக்கு. தராசில் அரிசி விழுந்தது.

அத்தை மெதுவாகக் கேட்டாள். "அவர் பேர் போயிடுச்சாப்பா?"

"போயிடுச்சும்மா. இப்போ நீங்கதான் தலைவர்."

"பழைய கார்டைக் குடுத்துடணுமா?"

"வேணாம், வெச்சுக்குங்க."

மாமா போட்டோ இருந்த அந்தக் கார்டை முந்தானையால் துடைத்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடா பார்த்துண்டே நிக்கறே? மூட்டையைத் தூக்கு" என்றாள்.