ஒற்றையடிப் பாதையில் இரண்டு சக்கரம்

சைக்கிள் பிரியர்களிடையே "ஸிங்கிள் ட்ராக்" என்ற ஆங்கில வார்த்தை இப்போது வெகுவாகப் புழங்குகிறது. மலைச் சாரலில் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய பாதைக்கு அந்தப் பெயர். இதற்காக நாம் வேற்று மொழியிடம் கடன் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. "ஒற்றையடிப் பாதை" என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்தது இதைத்தான். வயலுக்குப் போகிறவர்கள், விறகு சுமப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மலைக் கோயிலுக்கு நடப்பவர்கள் ஆகியோரின் கால்களே போட்ட பாதை அது. எந்த இஞ்சினீயரும் அளந்து போட்டதன்று. அந்தப் பாதையில் சைக்கிள் விடவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் புதிது.

திருநெல்வேலியில் இருப்பவனுக்கு இந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. ஊருக்கு வெளியே வந்து மேற்கே பார்த்தால் போதும். வானத்தின் ஓரம் முழுவதும் நீல மலை. கையில் சைக்கிளும் காலில் வலுவும் உள்ள இளைஞனுக்கு, "அங்கே ஏறி இறங்கினால் என்ன?" என்று தோன்றாமல் இருக்குமா? தோன்ற வேண்டியதுதான். ஆனால் எந்தப் பாதையில் ஏறுவது, எதில் ஏறக்கூடாது என்பது விளையாட்டுப் பேச்சு அன்று. நம்முடைய ஆறும், காடும், பிள்ளைகளின் கை கால்களும் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

முதலில் இந்த விளையாட்டின் பூர்வ கதையைக் கொஞ்சம் பார்ப்போம். சாலை இல்லாத இடத்தில் சைக்கிள் விடுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. அமெரிக்காவில் மான்டானா என்னும் மலை நாட்டில், நீக்ரோப் படைப்பிரிவு என்று அக்காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த இருபது சிப்பாய்கள், 1897-ஆம் ஆண்டு ஸெயின்ட் லூயிஸ் நகரம் வரை சைக்கிளிலேயே சென்றார்கள். சுமார் 3,000 கிலோமீட்டர் தூரம். 41 நாட்கள் பிடித்தன. சேறு, பனி, மணல் எல்லாவற்றையும் அவர்கள் கடந்தார்கள். இங்கிலாந்தில் 1955-ஆம் ஆண்டு, கரடுமுரடான வழிகளில் சைக்கிள் விடுவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது.

இன்று "மவுண்டன் பைக்" என்று விற்கப்படும் வண்டியின் பிறப்பிடம் கலிபோர்னியாவிலுள்ள டமால்பைஸ் மலை. அங்கே சில வாலிபர்கள், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட கனத்த பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை உச்சியிலிருந்து கீழே விட்டுக்கொண்டு வந்தார்கள். 1976-இல் அது பந்தயமாயிற்று. சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம்! பின்சக்கரத்தின் அச்சுக்குள் இருந்த பிரேக் அந்த இறக்கத்தில் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் அச்சைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயப் பாதைக்கே "மறுபடி அடை" என்று பொருள்படும் "ரீபேக்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. பந்தயக்காரர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே தனிச் சட்டம் அமைத்தார். 1981-இல் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்ட வண்டிகள் கடைக்கு வந்தன. 1996-இல் அட்லாண்டாவில் இது ஒலிம்பிக் பந்தயங்களில் ஒன்றாகிவிட்டது. சில வாலிபர்களின் குறும்பு, இருபது வருஷத்தில் உலகப் போட்டியானது.

அந்த உலகப் போட்டியின் ஆசியப் பகுதி நம் வீட்டுக் கொல்லைப்புறம் வரை வந்து போயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? 2023 அக்டோபரில், கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடைபெற்றது. பொன்முடி என்பது எங்கோ தூர தேசம் அல்ல. பாபநாசத்திலிருந்து பருந்து பறக்கும் வழியில் சுமார் 30 கிலோமீட்டர்தான். நமக்குச் சூரியன் மறையும் மலையின் மறுபக்கம் அது. பல நாட்டு வீரர்களும் வீராங்கனைகளும் அங்கே தேயிலைத் தோட்டச் சரிவுகளில் பாய்ந்து இறங்கினார்கள்.

"மலையின் அந்தப் பக்கம் கூடுமானால், இந்தப் பக்கம் ஏன் கூடாது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல, முதலில் காட்டுக்குக் காடு உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அயல்நாட்டுப் படங்களில் சைக்கிள் பாதைகள் பெரும்பாலும் பைன் மரக் காடுகளின் ஊடே போகின்றன. நெட்ட நெடிய மரங்கள். அடியில் புதர் இல்லை. ஊசி இலைகள் உதிர்ந்து மெத்தை விரித்தாற்போன்ற தரை. வெகு தூரம் வரை கண்ணுக்குப் புலப்படும் வழி. நம் கொடைக்கானலிலும் உதகையிலும் இருக்கும் பைன் தோப்புகள் மனிதர் நட்டு வளர்த்தவை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். நாகேயியா என்று சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் அந்த அபூர்வ மரம் நம்முடைய பொதிகைத் தொடரின் மழைக்காடுகளில் இருக்கிறது. அதன் இலையோ ஊசியாக இல்லாமல் அகன்று இருக்கும்! இந்த ஒரு மரமே நம் காட்டின் தனித்தன்மைக்குச் சாட்சி சொல்லும். அடர்ந்த தழை, பின்னிய வேர், வழுக்குப் பாறை, அட்டை, பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத இருள்: இதுதான் நம் மலைக்காடு.

அப்படி நிற்பது எதுவாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயின. ஏறக்குறைய 895 சதுர கிலோமீட்டர் பரப்பு. புலி, சிறுத்தை, யானை, கரடி, காட்டெருமை எல்லாம் அங்கே உண்டு. நடந்து போகிறவன் மணிக்கு நான்கு ஐந்து கிலோமீட்டர் போவான். அவன் காலடி ஓசையும் பேச்சும் மிருகத்துக்கு முன்கூட்டியே எட்டும். அது விலகிப் போகும். சைக்கிளோ சத்தமின்றி வருவது. இறக்கத்தில் மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகம். திருப்பத்தில் குட்டியோடு நிற்கும் கரடிக்கு முன்னால் போய் நின்றால், மணியடித்து வழி கேட்க முடியுமா? தவிர, காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு யோசனையும் சிலருக்குத் தோன்றலாம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் ஏற்பட்டன. 2024-இல் அங்கே வேலை நின்றது. "வெட்டி வைத்த தோட்டப் பாதைகள் வெறுமே கிடக்கின்றனவே, பொன்முடியைப் போல இங்கும் பந்தயம் விடலாமே" என்று நினைப்பது எளிது. ஆனால் மாஞ்சோலை புலிகள் காப்பகத்தின் நடுவே இருப்பது. மேலும் அந்தப் பாதைகள், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிக் கூடை சுமந்த குடும்பங்களின் கால் பட்டவை. பிழைப்பும் வீடும் கேள்விக்குறியாகி அவர்கள் இறங்கி வந்த மலையில், நாம் உல்லாசமாக ஏறிச் சக்கரம் உருட்டுவது அழகாகுமா? காரையாற்றுப் பக்கத்துக் காணி மக்களின் பாதைகளுக்கும் இதே நியாயம்தான். அவை அவர்கள் வீட்டு வாசல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தண்ணீர். தாமிரபரணி வற்றாத ஆறு என்று பெருமை பேசுகிறோம். மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் காட்டு மண்ணால் வந்த பெருமை அது. செங்குத்தான பாதையில் சக்கரங்கள் திரும்பத் திரும்ப ஓடினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். மழை பெய்தால் அந்தப் பள்ளம் ஓடையாகும். ஓடை மண்ணை அரிக்கும். அரித்த மண் கீழே போய் அணையில் படியும். பாபநாசம் அணையையும், அதற்குக் கீழே எட்டு அணைக்கட்டுகளையும் நம்பித்தான் இந்தப் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது.

ஆகையால் சைக்கிளே வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடுவேனா? மாட்டேன். பள்ளிக்கூட ஆசிரியன் என்ற முறையில், பிள்ளைகளிடம் "கூடாது" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நன்கு அறிவேன். கூடாத இடத்தைக் காட்டினால் கூடும் இடத்தையும் காட்டவேண்டும்.

அது நம் காலடியிலேயே இருக்கிறது. அரசாங்கம் மேல்நிலைப் பள்ளி மாணவருக்கு விலையின்றிக் கொடுத்த சைக்கிள் கிராமந்தோறும் உண்டு. நம் பையன்களும் பெண்களும் வாய்க்கால் கரையிலும், குளத்தங்கரையிலும், பனங்காட்டு ஊடுவழியிலும் நாள்தோறும் அதை ஓட்டிக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். கன்னடியன் கால்வாய்க் கரை ஒன்றே போதும். ஒரு சாண் பிசகாமல் நேர்கோட்டில் வண்டி விடப் பழக அதைவிட நல்ல இடம் ஏது? ஒற்றையடிப் பாதையின் முதல் பாடம் அதுதானே?

மற்றப் பாடங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்வை முன்சக்கரத்தின்மேல் இருக்கக்கூடாது. இருபதடி முன்னால் இருக்க வேண்டும். கண் போன வழியே வண்டி போகும். இறக்கத்தில் ஆசனத்தைவிட்டுச் சற்றே எழுந்து, இரண்டு மிதிகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்க, உடம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைத் தணித்துவிட வேண்டும். முன்பிரேக்குக்கு வலு அதிகம். ஆனால் வெடுக்கென்று பிடித்தால் ஆளைத் தலைகுப்புறத் தள்ளும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்பு கூடும்; மிகவும் குறைத்தால் கல்லில் இடித்து ட்யூபில் இரட்டைத் துளை விழும். இதற்குச் சைக்கிள்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "பாம்புக் கடி". நம் ஜில்லாவில் பாம்புக் கடிக்கு முந்திக்கொள்வது உடைமுள். ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் கிளம்புவது வீண். தலைக்கவசம் எப்போதும் வேண்டும். சாதாரணப் பள்ளிச் சைக்கிளைச் செங்குத்தான சரிவில் விடுவது அறவே கூடாது. அதன் பிரேக்கும் சட்டமும் அதற்கு ஏற்பட்டவை அல்ல.

சரிவில் பழகுவதற்கென்று முறையான பாதை ஒன்று வேண்டும். காப்பகத்துக்கு வெளியே, காட்டு இலாகாவின் சம்மதத்தோடு, ஊராட்சியின் பொறுப்பில், வெறும் பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் ஒரு கரட்டில் அதை அமைக்கலாம். எந்தக் கரடும் ஆகும் என்று நினைத்துவிடலாகாது. தனியே நிற்கும் வல்லநாட்டு மலைகூட 1987 முதல் வெளிமான் சரணாலயம். ஆராய்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாதை அமைப்பதற்குச் சில விதிகள் உலகெங்கும் அனுபவத்தில் தேறியிருக்கின்றன. பாதை மலையை நேராகப் பிளந்து ஏறக்கூடாது. விலாவை ஒட்டிச் சுற்றிச் செல்ல வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியை மிஞ்சக்கூடாது. சராசரியாக நூறடிக்குப் பத்தடிக்கு மேல் உயரக்கூடாது. பாதையின் வெளி ஓரம் இலேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். இடையிடையே சிறு மேடும் பள்ளமும் வைத்து நீரை அங்கங்கே வெளியேற்றிவிட வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது யாரும் வண்டி இறக்கக்கூடாது. இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்துதான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. வரப்பு வெட்டி மடை திறக்கும் நம் குடியானவரைக் கூப்பிட்டுக் காட்டினால், தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே அரிக்கும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

பாதை எதுவானாலும் ஒரு மரியாதை மாறாதது. நடப்பவருக்கே முதல் உரிமை. தலைச் சுமையோடு ஒரு தாய் எதிரே வந்தால் வண்டியைவிட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். ஆட்டு மந்தை வந்தால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும். படித்துறைப் பக்கம் மணியடித்து மெதுவாகப் போக வேண்டும். பாதையைப் போட்டவர்கள் அவர்கள். நாம் பின்னால் வந்தவர்கள்.

பொன்முடியில் பிற நாட்டார் பாய்ந்ததைப்போல நம் அம்பாசமுத்திரத்துப் பெண்ணோ கல்லிடைக்குறிச்சிப் பையனோ ஒருநாள் பாய்ந்து இறங்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டியது ஐந்து கிலோமீட்டர் பாதை. பார்த்துக்கொள்ள இரண்டு பெரியவர்கள். அனுமதி அளிக்க ஒரு கையெழுத்து. பொதிகை மலை உச்சி அப்படியே இருக்கட்டும். மேலே காடு காடாக இருந்து ஆற்றை அனுப்பிக்கொண்டிருந்தால், கீழே நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கலாம்.