கல்லுக்கிடங்கு பூங்காவான கதை



சென் மிசேலில் உள்ள பிரெடெரிக் பாக் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். புல்வெளியெங்கும் பெரிய வெள்ளைப் பந்துகள். “இது ஆரின்ரை காணி, அப்பா?” என்று மகள் கேட்டாள்.

மிரோன் சகோதரர்கள் 1947இல் வாங்கிய சுண்ணாம்புக்கல் கிடங்கு இது. வெடி வைத்துக் கல் எடுத்தார்கள், சீமெந்தும் செய்தார்கள். கல் நகரத்துக்குப் போனது. தூசியும் அதிர்வும் அயலவருக்கு மிஞ்சின. 1968 முதல் கிடங்கில் குப்பை கொட்டினார்கள். அயலவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1980களில் மாநகரசபை காணியை எடுத்தது. வீட்டுக் குப்பை கொட்டுவது 2000இல் நின்றது. 2017இல் பூங்காவின் முதற்பகுதி திறந்தது.

அடியில் சுமார் 4 கோடி தொன் குப்பை கிடக்கிறது. அது உக்கி வரும் வாயுவை உறிஞ்சும் கிணறுகளின் மூடிகள்தான் அந்தப் பந்துகள்.

எங்கள் காங்கேசன்துறையிலும் சீமெந்துக்குக் கல் தோண்டிய கிடங்குகள் உண்டு. 1950இல் தொடங்கிய அந்த அரசாங்க ஆலை, யுத்தத்தால் 1990இல் நின்றது. கல் போய்விடும், கிடங்கு ஊரோடுதான் இருக்கும். அதை என்ன செய்வது என்று ஊரவர்தான் கேட்கவேண்டும். சென் மிசேல் சனம் கேட்டது.

மகளுக்குச் சொன்னேன்: “காணி மாநகரசபையின்ரை. அப்பிடியெண்டால் எங்கடையும்தான்.”